வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் தக்காளி சாஸ்: தட்டில் தண்ணீர் பிரிந்து நிற்கிறது, என்ன செய்யலாம்?

மாலைச்சமையல்
திங்கள், இரவு 9:50

வணக்கம். வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடுகிறது. எட்டுக்குள் சாப்பாடு தயாராகவில்லை என்றால் சின்னவள் சாப்பிடாமலேயே தூங்கிவிடுவாள். அதனால் வாரத்தில் இரண்டு நாள் பாஸ்தாதான். ரொம்ப நாளாகப் பாட்டில் சாஸ்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லேபிளைப் படித்தால், தக்காளிக்கு அடுத்த பெயரே சர்க்கரை. அன்றிலிருந்து வீட்டிலேயே செய்கிறேன். ஆனால் சரியாக வரவில்லை.

நான் செய்வது இப்படி. காலையிலேயே ஒரு கிலோ தக்காளியை நறுக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மாலை வந்ததும் ஆழமான பாத்திரத்தில் எண்ணெய், வெங்காயம், பூண்டு, தக்காளி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூடி போட்டு, சிம்மில் 25 நிமிடம். ஆறியதும் மிக்ஸியில் ஒரு அடி.

வருவது என்னவென்றால்: பாஸ்தாவில் கலந்து தட்டில் வைத்த இரண்டு நிமிடத்தில், சுற்றிலும் வெளிர் சிவப்புத் தண்ணீர் வளையம் போல நிற்கிறது. பச்சை வெங்காய வாடை போகவில்லை. புளிப்பு தூக்கலாக இருக்கிறது. நிறமும் சிவப்பாக இல்லை, ஆரஞ்சாகிவிடுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?


வாணலிக்காரன்
திங்கள், இரவு 10:15

முதலில் அந்த மூடியை எடுத்து ஓரமாக வையுங்கள்.

தக்காளியில் கிட்டத்தட்ட 94, 95 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோவில் உங்களுக்கு வேண்டிய சாரம் வெறும் 50, 60 கிராம்தான். அவசர சாஸ் செய்வது என்றாலே தண்ணீரை வேகமாக வெளியேற்றுவதுதான், வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை. மூடி போட்டு சிம்மில் வைத்தால் மேலே போன ஆவி மூடியில் முட்டி மறுபடியும் உள்ளேயே சொட்டுகிறது. 25 நிமிடம் கழித்தும் அதே அளவு தண்ணீர் உள்ளேதான் இருக்கும்.

பாத்திரத்தையும் மாற்றுங்கள். ஆழமானது வேண்டாம், வாய் அகன்ற சட்டி. என்னிடம் இருப்பது 28 செ.மீ. எவர்சில்வர், அடி கனமானது. இரும்பு வாணலி இதற்கு ஆகாது, தக்காளிப் புளிப்பில் உலோக வாடை இறங்கிவிடும். பெரிய பர்னரில், முழுத் தீக்கும் நடுத்தீக்கும் இடைப்பட்ட சூட்டில் தளதளவென்று கொதிக்க விட்டால், ஒரு கிலோ தக்காளி 18, 20 நிமிடத்தில் பாதியாகிவிடும்.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், சட்டியைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் குமிழ்கள் சின்னதாக, மழைத்தண்ணீர் மாதிரி படபடவென்று வரும். தண்ணீர் குறையக் குறையக் குமிழ் பெரிதாகி, நிதானமாக, 'ப்ளப்' என்று உடையும். அடுப்பைச் சுற்றித் தெறிக்கத் தொடங்கினால் நேரம் நெருங்கிவிட்டது. அப்போது கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் வேண்டும். அடி தெரிந்து, இரண்டு நொடி நின்று, மெதுவாக மூடினால் இறக்கிவிடலாம். ஓரத்தில் எண்ணெய் மெல்லிய ஆரஞ்சுக் கோடாகப் பிரிந்து நிற்பதையும் அப்போது பார்ப்பீர்கள்.


கரண்டி
திங்கள், இரவு 10:40

மாலை, வெங்காயத்தைத் தக்காளியோடு சேர்த்துப் போடாதேம்மா. புளிப்பில் வெங்காயம் இளகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளே விறைப்பாகவே கிடக்கும், வாடையும் போகாது. முதலில் எண்ணெயில் வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. கண்ணாடி மாதிரி ஆகி, அமுக்கினால் நசுங்க வேண்டும். ஆறேழு நிமிடம். அதற்குப் பிறகுதான் தக்காளி. உருளைக்கிழங்கு, பயறு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நேரம் இல்லாத நாளில் வெங்காயமே வேண்டாம். பூண்டு போதும்.

அப்புறம் காலையில் நறுக்கி வைக்கிறாயே, அந்த வேலை மிச்சமாக ஒரு வழி சொல்கிறேன். நான் இப்போதெல்லாம் தக்காளியை நறுக்குவதே இல்லை. குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியின் பெரிய கண்ணில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறேன். சதையும் சாறும் கீழே பாத்திரத்தில் விழும். தேய்க்கத் தேய்க்கக் கைக்குள் தக்காளி தட்டையாகி, கடைசியில் தோல் மட்டும் காகிதம் மாதிரி கையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தோல்தான் கைக்குக் கவசம், விரல் படாது. ஒரு கிலோவுக்கு ஐந்து நிமிடம். வெந்நீரில் போட்டுத் தோலுரிக்க வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம். நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காயாக இருந்தால் துருவ வராது.


புதுக்குடித்தனம்
செவ்வாய், காலை 7:20

கரண்டி அக்கா, விதையை எடுத்துவிட வேண்டாமா? விதை இருந்தால் தண்ணீர் அதிகம், எடுத்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்களே.


கரண்டி
செவ்வாய், காலை 7:45

எடுக்காதே தம்பி. விதையைச் சுற்றிக் கொழகொழவென்று இருக்கிறதே, ருசி அதில்தான் அதிகம். தனியாக வாயில் போட்டுப் பார், சதையைத் தனியாகச் சாப்பிட்டுப் பார், தெரியும். தண்ணீரை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.


ஆலைக்காரர்
செவ்வாய், மதியம் 1:10

கரண்டி அக்கா சொல்வது சரி. நாக்கில் நிறைவாகத் தெரியும் அந்த ருசிக்குக் காரணம் குளூட்டமேட். சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கூழில் அது அதிகம்.

ஒன்பது வருடம் தக்காளி விழுது தயாரிக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். மாலைச்சமையல், உங்கள் தண்ணீர் வளையத்துக்கு மூடி ஒரு காரணம்தான். இன்னொன்று, நீங்கள் காலையிலேயே நறுக்கி வைப்பது.

தக்காளிக்குக் கெட்டித்தன்மை தருவது பெக்டின். அது பசை மாதிரி, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அந்தப் பெக்டினை உடைக்கும் நொதிகளும் அதே தக்காளிக்குள்ளேயே இருக்கின்றன. முழுப் பழத்தில் இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகக் கிடக்கும். கத்தி பட்டதும் கலந்துவிடும், உடைப்பு வேலை தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜ் அதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. பத்து மணி நேரம் கழித்து அடுப்பில் ஏற்றும்போது பசை பாதி போயிருக்கும். பிறகு எவ்வளவு சுண்டினாலும் தட்டில் சக்கை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

ஆலையில் இதற்கு இரண்டு முறை உண்டு. நசுக்கிய உடனே 85, 90 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் நொதி செத்துவிடும், விழுது கெட்டியாக வரும். அதைச் சூட்டு உடைப்பு என்போம். 65 டிகிரி அளவில் வைத்துச் செய்தால் நிறமும் வாசனையும் புதிதாக இருக்கும், ஆனால் நீர்த்துப்போகும். அது குளிர் உடைப்பு. கெட்சப் போடுகிறவர்கள் முதல் வகையைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

வீட்டில் இதைச் செய்வது சுலபம். சட்டி முதலில் சூடாக இருக்கட்டும். தக்காளியை வெட்டியதும், துருவியதும், காத்திருக்காமல் நேராகச் சட்டியில். ஒரே கொட்டாகக் கொட்டினால் சூடு இறங்கிவிடும், மூன்று தவணையாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் கொதி வந்த பிறகு அடுத்தது. இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் தெரியும்.


மாலைச்சமையல்
செவ்வாய், மாலை 6:05

ஆலைக்காரர் சார், படித்து அசந்துவிட்டேன். நேரம் மிச்சம் என்று நினைத்துக் காலையில் செய்த வேலைதான் கெடுத்திருக்கிறதா! இன்று பாஸ்தா நாள் இல்லை, நாளை செய்து பார்த்துச் சொல்கிறேன். ஆரஞ்சு நிறம் எதனால்?


வாணலிக்காரன்
செவ்வாய், மாலை 6:30

மிக்ஸி. அதிவேகத்தில் அடிக்கும்போது காற்றும் எண்ணெயும் நுண்ணிய துளிகளாக உள்ளே கலந்துவிடுகின்றன. அதனால்தான் வெளிறிப்போகிறது. கீரை மத்து, உருளைக்கிழங்கு மசிப்பான், எதுவாக இருந்தாலும் கையால் மசியுங்கள். கொஞ்சம் திப்பியாக இருப்பதும் நன்றாகத்தான் இருக்கும்.


நிதானி
செவ்வாய், இரவு 9:15

இங்கே எல்லோரும் 20 நிமிடம், 20 நிமிடம் என்று ஓடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. நல்ல தக்காளி சாஸுக்கு நேரம் வேண்டும். இத்தாலியச் சமையல் நூல்கள் எழுதிய மார்செல்லா ஹசானின் புகழ்பெற்ற சாஸ் ஒன்று உண்டு. தக்காளி, வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரே ஒரு வெங்காயம், உப்பு, அவ்வளவுதான். வதக்குவது கிடையாது, நறுக்குவது கிடையாது. சின்னத் தீயில் 45 நிமிடம். கடைசியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். பூண்டு கூட இல்லாத அந்த சாஸின் வழவழப்பை வேகமாகச் செய்யும் எதிலும் நான் கண்டதில்லை. அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். உண்மையில் நமக்கு வேலை குறைவு அதில்தான்.


வாணலிக்காரன்
செவ்வாய், இரவு 9:40

அந்த சாஸ் எனக்கும் பிடிக்கும் நிதானி. ஞாயிற்றுக்கிழமை நானும் செய்வேன். ஆனால் ஏழு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் பரிமாறுகிறவருக்கு 45 நிமிடம் என்பது மீதி எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

இன்னொன்று. நீண்ட நேரச் சமையலில் கிடைப்பதும் குறுகிய நேரச் சமையலில் கிடைப்பதும் இருவேறு ருசி. ஒன்றை மற்றொன்றின் குறையாகப் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. பழத்தைக் கிள்ளினால் வருகிற அந்தப் பச்சை வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடக்கூடியது. 20 நிமிடத்தில் கொஞ்சம் மிஞ்சும், ஒரு மணி நேரத்தில் மிஞ்சாது. இறைச்சி போட்டுச் செய்கிறீர்கள் என்றால் சரி, மணிக்கணக்கில் வைத்துத்தான் ஆக வேண்டும். தக்காளி மட்டும் என்றால் வேகமாகச் செய்ததைத்தான் நான் விரும்புகிறேன்.


நிதானி
செவ்வாய், இரவு 10:05

இறைச்சி பற்றிச் சொன்னது சரி. வேகமாகச் செய்வதில் வாசனை நிற்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாலைச்சமையல் சொன்ன புளிப்பு? நேரம் கொடுத்தால் வெண்ணெயும் வெங்காயத்தின் இனிப்பும் புளிப்பை மூடிவிடும். 20 நிமிடத்தில் அதற்கு என்ன வழி?


ஆலைக்காரர்
புதன், காலை 6:50

நல்ல கேள்வி. மூன்று வழி உண்டு, மூன்றும் வேறு வேறு.

சர்க்கரை போட்டால் புளிப்பு குறையாது, நாக்குக்குத் தெரியாமல் போகும். அரை ஸ்பூன் வரை தப்பில்லை. கொழுப்பும் அப்படித்தான், ஒரு துண்டு வெண்ணெய் கடைசியில் போட்டால் முனை மழுங்கும். சமையல் சோடா மட்டும்தான் அமிலத்தை நிஜமாகவே குறைக்கும். சட்டியில் போட்டதும் நுரைத்துப் பொங்கும், அது சோடா அமிலத்தோடு சேர்வதால் வெளியேறும் கரியமில வாயு. ஒரு சிட்டிகை போட்டு, நுரை அடங்கியதும் ருசி பாருங்கள். ஒரு கிலோவுக்குக் கால் டீஸ்பூனைத் தாண்டவே கூடாது. தாண்டினால் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு சப்பென்ற ருசி வரும், அதைத் திருத்த முடியாது.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் தக்காளி விழுதைச் சொல்வேன். டப்பா விழுது பெரும்பாலும் 28, 30 ப்ரிக்ஸ் (கரைந்திருக்கும் சாரத்தின் சதவீதம்) இருக்கும். பழம் 5 ப்ரிக்ஸ்தான். 30 கிராம் விழுது, அதாவது ஒரு குவித்த பெரிய ஸ்பூன், ஏறக்குறைய 170 கிராம் தக்காளியின் சாரத்தைக் கொண்டு வருகிறது, அதுவும் தண்ணீர் இல்லாமல். சுண்ட வைக்கும் நேரத்தில் மூன்று நான்கு நிமிடம் மிச்சம். தக்காளி போடுவதற்கு முன் அதை எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்குங்கள். பளிச்சென்ற சிவப்பு மாறிச் செங்கல் நிறம் வரும்போது டப்பா வாடை போய், இனிப்பு ஏறியிருக்கும்.


புதுக்குடித்தனம்
புதன், காலை 8:30

பழத்துக்குப் பதில் டப்பா தக்காளி வாங்கினால் முழுதா, துண்டா, எது நல்லது?


ஆலைக்காரர்
புதன், மதியம் 1:30

முழுசு. துண்டு போட்ட டப்பாவில் வடிவம் குலையாமல் இருக்கப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். அது பெக்டினை இறுக்கிவிடும், சட்டியில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். முழுத் தக்காளியைக் கையால் பிசைந்து போடுங்கள். நல்ல பழம் கிடைக்காத மாதங்களில் டப்பாவே மேல், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.


மாலைச்சமையல்
புதன், இரவு 9:20

செய்து பார்த்தேன்! அகலச் சட்டி, மூடி இல்லை, துருவிய தக்காளி, மூன்று தவணை. தண்ணீர் நன்றாகக் குறைந்திருக்கிறது. நிறம் அப்படியே சிவப்பு. வெங்காயத்தை இன்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு கசப்பு. விழுங்கின பிறகு தொண்டையில் நிற்கிறது. சின்னவள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. சட்டி சூடாக இருக்க வேண்டும் என்றதால் எண்ணெயை நன்றாகக் காய வைத்துத்தான் பூண்டைப் போட்டேன். உடனே பழுப்பாகிவிட்டது. அதுதானா?


கரண்டி
புதன், இரவு 9:35

அதேதான் கண்ணு. பூண்டு நறுக்கியது ரொம்பப் பொடியாக வேறு இருந்திருக்கும். பூண்டைக் காய்ந்த எண்ணெயில் போடவே போடாதே. ஆறின சட்டியில் எண்ணெயும் பூண்டும் சேர்த்து வைத்து, பிறகு அடுப்பைப் பற்ற வை. நான்கு பல், மெல்லிய வில்லையாக. எண்ணெய் சூடாகும்போதே அதன் வாசனை எண்ணெயில் இறங்கிவிடும். பூண்டைச் சுற்றிக் குமிழ் வரும், ஓரம் லேசாக வைக்கோல் நிறமாகும். அந்த நொடியில் முதல் தவணைத் தக்காளி. சட்டிக்குத் தேவையான சூடு அப்போது வந்துவிட்டிருக்கும், ஆலைக்காரர் சொன்னதும் கெடாது.

விழுது போடுவதாக இருந்தால் பூண்டு நிறம் மாறும் முன்பே போட்டுவிடு. இரண்டும் சேர்ந்து வதங்கட்டும். கருகிவிட்டது என்று தோன்றினால் தயங்காமல் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கு. கருகின பூண்டை எந்தச் சர்க்கரையும் காப்பாற்றாது.


எண்ணெய்த்துளி
வியாழன், காலை 11:00

எல்லோரும் சாஸையே பார்க்கிறீர்கள், நான் பாஸ்தாப் பக்கத்தைச் சொல்கிறேன். தட்டில் தண்ணீர் நிற்பதற்கு வடிகட்டிய பாஸ்தாவை அப்படியே தட்டில் போட்டு மேலே சாஸ் ஊற்றுவதும் ஒரு காரணம். பாஸ்தாவை ஒரு நிமிடம் முன்னதாக எடுத்து, சாஸ் சட்டியிலேயே போட்டு, அது வெந்த தண்ணீரில் அரைக் கரண்டி ஊற்றி, நல்ல தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். தண்ணீர் சேர்த்தால் இன்னும் நீர்க்காதா என்று தோன்றும். அதில் மாவுச்சத்து இருக்கிறது, எண்ணெயையும் சாறையும் சேர்த்துப் பிடித்துவிடும். சாஸ் பாஸ்தாவில் பூசினாற்போல் ஒட்டும்.

பேசில் இலை போடுபவர்கள் அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிப் போடுங்கள். கொதிக்க விட்டால் வாசனை நமக்கு மிஞ்சாது. காய்ந்த ஒரிகானோ என்றால் நேர்மாறு, எண்ணெயிலேயே போட வேண்டும்.


புதுக்குடித்தனம்
வியாழன், மாலை 5:15

ஒரே தடவையில் மூன்று கிலோ செய்து, பாட்டிலில் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு மூடி, அலமாரியில் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாமா? தக்காளிதான் புளிப்பாயிற்றே, கெடாது இல்லையா?


ஆலைக்காரர்
வியாழன், மாலை 5:40

தம்பி, தயவுசெய்து வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன்.

காற்றுப் புகாத இடத்தில் பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நச்சை உண்டாக்கும் கிருமி வளராமல் இருக்க பி.எச். (புளிப்பு கூடக் கூடக் குறையும் அளவு) 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். தக்காளி அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் பழம். வகையையும் பழுத்த அளவையும் பொறுத்து 4.3-லிருந்து 4.9 வரை போகும். பூண்டு, வெங்காயம் சேர்த்தால் இன்னும் ஏறும். நான் மேலே சொன்ன சோடாவைப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே எண்ணெய் ஊற்றினால் காற்று வராது என்பது அந்தக் கிருமிக்குத்தான் வசதி. நச்சு இருப்பது வாசனையிலோ நிறத்திலோ தெரியவும் தெரியாது.

ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர், மூன்று மாதம் தாராளமாக. செய்து முடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள்.


கரண்டி
வியாழன், மாலை 6:00

ஃப்ரீசர் என்றதும் ஞாபகம் வந்தது. தக்காளி மலிந்து கிடக்கும்போது முழுசாகவே ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், கழுவித் துடைத்து, அவ்வளவுதான். தேவைப்படும்போது குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் காட்டினால் தோல் தானாக உருண்டு வரும். கல்லாக இருக்கும்போதே சட்டியில் போடாமல், ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் இளக விட்டு, கசிகிற தண்ணீரைத் தனியாகச் சுண்ட வைத்துச் சேர்த்துக்கொள்.


நிதானி
வியாழன், இரவு 8:50

வாணலிக்காரன் சொன்னபடி இன்று நானும் 20 நிமிட சாஸ் செய்தேன். ஒரே ஒரு மாற்றம்: தக்காளியில் இரண்டை மட்டும் நேரடித் தீயில் காட்டி, தோல் கருகியதும் உரித்துச் சேர்த்தேன். தோன்றியதற்குக் காரணம் உண்டு. இத்தாலியில் அச்சான தக்காளி சாஸ் குறிப்புகளில் மிகப் பழையது 1690-களில் அந்தோனியோ லாத்தினி நேப்பிள்ஸில் எழுதியது. அவர் தக்காளியைத் தணலில் சுட்டு, உரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், தைம், உப்பு, எண்ணெய், வினிகர் சேர்க்கச் சொல்கிறார். கொதிக்க வைப்பதே இல்லை. முந்நூறு வருடத்துக்கு முந்தைய சாஸே அவசர சாஸ்தான் என்று முந்தாநாள் உங்களோடு வாதாடிய பிறகு உறைத்தது. புகை வாசனை நன்றாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.


மாலைச்சமையல்
வெள்ளி, இரவு 8:45

இன்று 7:10-க்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஆறின சட்டியில் எண்ணெய், பூண்டு வில்லை. வைக்கோல் நிறம் வந்ததும் விழுது ஒரு ஸ்பூன், செங்கல் நிறம் வரும் வரை. பக்கத்திலேயே நின்று தக்காளியைத் துருவித் துருவி மூன்று தவணையாகப் போட்டேன். பெரியவன் பாஸ்தாத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டான். 7:34-க்கு கரண்டியால் கோடு இழுத்தேன், நின்றது. ஒரு சிட்டிகை சோடா, நுரைத்து அடங்கியது. பாஸ்தாவைச் சட்டியிலேயே புரட்டினோம்.

சின்னவள் சாப்பிட்டு முடித்த தட்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் வளையம் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் சிவந்த எண்ணெய், அதையும் ரொட்டியால் துடைத்துத் தின்றிருக்கிறாள். மீதி இருந்ததை இரண்டு டப்பாவில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். கரண்டி அக்கா, ஞாயிறு அன்று வெங்காயம் வதக்கிச் செய்யப்போகிறேன், அதையும் வந்து சொல்கிறேன்.